ஆண்டிபட்டியில் பார்த்ததாக ஒரு தகவல்

என் அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கம்பத்தில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். வேண்டியவர்கள் கூகுளில் பார்த்து வருவார்கள், அல்லது உரக்கடையில் கேட்டு வருவார்கள். பலகை வைக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

இன்ஸ்பெக்டர் ஹேமாவதி மேடம் நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொன்னார். கணினியில் அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். கையால்தான் எழுத வேண்டும் என்றார். கையெழுத்துக்கு மன்னிக்கவும், மேடம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இவ்வளவு எழுதியதில்லை.

பெயர் ஆல்பர்ட். ஊர் ராயப்பன்பட்டி. வயது முப்பத்தெட்டு. இணையதளம் வடிவமைப்பது தொழில். எதை எங்கே வைத்தால் யார் பார்ப்பார்கள், எதை எப்போது மாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பதும் அதில் சேரும். ஏலக்காய் வியாபாரிகள், திராட்சைத் தோட்டக்காரர்கள், இரண்டு கல்யாண மண்டபம், ஒரு நர்சரி என் வாடிக்கையாளர்கள்.

எனக்கு எதிலும் முன்முடிவு கிடையாது. தளத்தில் ஒரு பொத்தானுக்குக் கடைக்காரர் சிவப்பு என்பார், அவர் வீட்டம்மா பச்சை என்பார். நான் இரண்டையும் போடுவேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சிவப்பு தெரியும், பாதிப் பேருக்குப் பச்சை. எதை அதிகம் பேர் தொடுகிறார்களோ அது நிற்கும், மற்றது போகும். என் விருப்பம் என்று அதில் ஒன்றும் இல்லை. திறந்த மனது என்று என் தளத்தில் எழுதியிருப்பது இதைத்தான்.

கர்ணன் என் பழைய வாடிக்கையாளர். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். அவருக்கு நான் செய்து கொடுத்த தளம் நன்றாக இருந்தது, ஆனால் வியாபாரம் கூடவில்லை. பார்க்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவார். "ஏலே ஆல்பர்ட்டு, எந் தோட்டத்த அமெரிக்காவுல இருக்கவனெல்லாம் பாக்குறானாம்ல. எட்டிப் பறிச்சுத் திங்கச் சொல்லு." அவர் மனைவி பவானி அங்கன்வாடி டீச்சர். என் தங்கை ரோஸ்லினோடு படித்தவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

பவானியின் அப்பா நல்லகண்ணு அவர்கள் வீட்டில்தான் இருந்தார். எழுபத்து மூன்று வயது. நாற்பது வருடம் கேரளா பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணி. இங்கிருந்து ஆட்களை ஏற்றிப் போவது, காலையில் எண்ணுவது, வேலை வாங்குவது. இரண்டு வருடமாக மறதி நோய். ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு, பவானி பால் வாங்கப் போன பத்து நிமிடத்தில், வெள்ளை வேட்டி கட்டிக் குடையை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். திரும்பவில்லை.

அன்றே போலீசில் புகார் கொடுத்தார்கள். மறுநாள் காலை கர்ணன் என் மாடிக்கு வந்தார். அன்று கேலி எதுவும் செய்யவில்லை. "மாமாவக் கண்டுபிடிக்க எதாச்சும் செய்யி" என்றார்.

இரண்டு மணி நேரத்தில் பக்கம் தயார். அவருக்காக மட்டும் ஒரு பக்கம். பெயர், வயது, அடையாளம், கீழே தகவல் எழுதி அனுப்ப ஒரு படிவம். முதலில் பவானியின் எண்ணைத்தான் போட்டிருந்தேன். மத்தியானத்துக்குள் குடிகாரர்களும் விளையாட்டுக்குப் பேசுகிறவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவன் போடியில் பார்த்ததாகச் சொல்லி, இவர்கள் அங்கே போய் அலைந்துவிட்டு வந்தார்கள். பவானி வாசலில் உட்கார்ந்து அழுதாள். அதன் பிறகு மூன்று பேரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தோம். எண் வேண்டாம், படிவம் போதும். வருகிற தகவல் எல்லாம் எனக்கு மட்டும் வரும். நான் சரிபார்த்து, உண்மை என்று தெரிந்தால் மட்டும் அவர்களுக்குச் சொல்வேன். அது நல்ல ஏற்பாடு. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படம் இரண்டு கொடுத்தார்கள். ஒன்று போன மாதம் எடுத்தது. கன்னம் ஒட்டி, வெள்ளைத் தாடி, பனியன். இன்னொன்று பவானி கல்யாணத்தில் எடுத்தது. பட்டுச் சட்டை, கருப்பு மீசை, சிரிப்பு. வழக்கம்போல இரண்டையும் போட்டேன். கல்யாணப் படத்தை ஆறு மடங்கு அதிகம் பேர் பகிர்ந்தார்கள். அதையே நிறுத்தினேன். கர்ணன் பார்த்துவிட்டு, "இது மாமாவா? மாப்பிள்ளையாட்டம் இருக்காக" என்றார். பவானி மட்டும், "இருக்கட்டும்ண்ணே, இப்பிடியே பாக்கட்டும்" என்றாள். ஆகவே படத்தில் என் தவறு மட்டும் இல்லை.

வியாழக்கிழமை மாலைக்குள் பக்கத்தை ஒன்றரை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் நான் செய்த எதையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. காணாமல் போகும் முதியவர்களுக்காகத் தென்மாவட்டங்கள் முழுக்க ஒரே தளம் அமைக்க இருந்தார்கள். அதை நடத்த ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். பக்கம் பிரமாதமாகப் போகிறது, திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் குழுவுக்குக் காட்டுங்கள், எப்படி நடக்கிறது என்று நேரிலேயே பார்ப்பார்கள் என்றார்.

நான் யோசித்தேன். ஒருவருக்காகச் செய்தது நூறு பேருக்கு ஆகும் என்றால் அது நல்ல காரியம். ஆனால் கிடைத்துவிட்டவரைத் தேடும் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. எண்ணிக்கை ஒரே நாளில் விழுந்துவிடும். இது என் கருத்து இல்லை. அளந்து பார்த்தால் யாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை 11.10க்குப் படிவத்தில் அறுபத்தோராவது தகவல் வந்தது. "உங்கள் பக்கத்தில் உள்ளவர் போல ஒரு பெரியவர் எங்கள் கடையில் இருக்கிறார். பெயர் நல்லகண்ணு என்கிறார். படம் மாதிரி இல்லை. ஆனால் பெயர் சரி. கூப்பிடவும். லீலாம்மா, டீக்கடை." கேரள மலையில் வண்டன்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் பெயரும் போட்டிருந்தது. சரிபார்க்க வேண்டியவை என்று தனியாக வைத்திருந்த அடுக்கில் அதை வைத்தேன். நாங்கள் எடுத்த முடிவு அதுதான்.

சனிக்கிழமை காலை கர்ணன் வீட்டு வாசலில் வேன் நின்றது. சொந்தக்காரர்கள் ஆறு பேர்.

"மாமா பழைய நெனப்புல மேல ஏறிட்டாகளோன்னு தோணுது" என்றார் கர்ணன். "கம்பம்மெட்டு வழியாப் போயி ஏலத்தோட்டமெல்லாம் ஒரு சுத்து கேட்டுட்டு வந்துருவோம்."

"அப்பாவுக்கு வீட்டுக்குள்ள பாத்ரூமுக்கே வழி தெரியல. மலைக்கு வழி தெரியுமாக்கும்?" என்றாள் பவானி.

"பாத்ரூம் நேத்துக் கட்டுனது. மலை நாப்பது வருசமுல்ல."

எல்லோரும் வேனில் ஏறத் தொடங்கினார்கள். அப்போதுதான் படிவத்தில் ஆண்டிபட்டித் தகவல் வந்தது. வந்தது என்று எழுதுகிறேன். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் போனைப் பவானியிடம் நீட்டினேன். அவள் சத்தமாகப் படித்தாள். "நேற்று சாயங்காலம் ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் இவரைப் பார்த்தேன். மதுரை பஸ் எது என்று கேட்டார். பசிக்கிறது என்றார். இட்லி வாங்கிக் கொடுத்தேன். சுப்புத்தாய்."

"சரிபார்த்தாச்சா?" என்றார் கர்ணன்.

"பேசிட்டேன். நம்பலாம்" என்றேன்.

"ஆத்தா, இட்லி வாங்கிக் குடுத்திருக்கா பாருங்க" என்றாள் பவானி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதல் ஆளாக வேனில் ஏறினாள். மலைக்குப் போக நின்ற வண்டி கிழக்கே திரும்பியது.

இட்லி இல்லாவிட்டால் கர்ணன் அதை நம்பியிருக்க மாட்டார். சின்ன விவரத்துக்கு அந்தச் சக்தி உண்டு. ஒரு கல்யாண மண்டபத் தளத்தில் ஆயிரம் பேர் அமரலாம் என்று போட்டிருந்தோம், யாரும் கூப்பிடவில்லை. பந்தியில் ஒவ்வொரு வரிசைக்கும் மின்விசிறி உண்டு என்று மாற்றினேன். போன் நிற்கவில்லை.

நானும் கூடப் போனேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாளும் அவர்களோடு வெயிலில் அலைந்தேன். ஆண்டிபட்டியில் மழை இல்லை. புழுதி. பவானி கல்யாணப் படத்தைக் காட்டிக் கடை கடையாகக் கேட்டாள். ஒரு பழக்கடைக்காரர் படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "பாத்த மாதிரிதாம்மா இருக்கு. இங்கனதான் ஒக்காந்திருந்தாக" என்றார். பூ விற்கிற அம்மா, "நேத்தில்ல, முந்தாநேத்து" என்று திருத்தினாள். மத்தியானத்துக்குள் நாலு பேர் அவரைப் பார்த்திருந்தார்கள். மூன்றாவது ஆள் சொன்னபோது எனக்கே ஒரு நிமிடம் தடுமாற்றம் வந்தது. அவர் உண்மையில் இங்கேதான் வந்தாரோ என்று.

பவானி டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோற்றில் பாதியை மூடியில் வைத்து என்னிடம் கொடுத்தாள். "நீங்க காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கலண்ணே." சாப்பிட்டேன்.

என் போன் பதிவுகள் உங்கள் மேஜையில் இருக்கின்றன. ஆகவே வெள்ளிக்கிழமை 11.25க்கு நான் பேசிய அழைப்பைப் பற்றியும் எழுதிவிடுகிறேன்.

லீலாம்மாவைக் கூப்பிட்டேன். தகவலைச் சரிபார்ப்பது என் பொறுப்பு, செய்தேன். அவர் பாதி மலையாளத்தில் பேசினார். "சாரே, செவ்வாய்க்கிழமை ஜீப்புல வந்நு எறங்கினாரு. வேட்டி, குடை, முன் சீட்டு. கங்காணின்னு நெனச்சு டிரைவர் ஒண்ணும் கேட்டில்ல." அது எனக்குப் புரிந்தது. விடியற்காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் முன் சீட்டு கங்காணிக்கு. அதில் வேட்டியோடு ஏறி உட்காருகிறவரை எங்கே என்று கேட்பது மரியாதை இல்லை. எஸ்டேட்டில் இறங்கியவர் எங்கேயும் போகத் தெரியாமல் நின்றிருக்கிறார். லீலாம்மா கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார். மூன்று நாளாகக் கடையின் பின்னறையில் படுக்கை, கஞ்சி. பெயர் மட்டும்தான் சொன்னாராம், அதுவும் வெள்ளிக்கிழமைதான். நர்ஸிங் படிக்கிற மகள் அந்தப் பெயரைத் தேடி என் பக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"அவரிடம் கொடுங்கள்" என்றேன். கொடுத்தார்.

குரல் தெளிவாக இருந்தது. "ஆளு எத்தன பேரு வந்திருக்காக?" என்றார்.

"முப்பத்திரண்டு" என்றேன்.

"ரெண்டு பேரு கொறையுதேப்பா. யாரு யாருன்னு பாரு" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர்தான். சந்தேகமே இல்லை. லீலாம்மாவிடம், குடும்பத்துக்குச் சொல்லிவிட்டேன், போலீசுக்கும் சொல்லியாகிவிட்டது, வண்டி வரும் என்றேன். நீங்களாக யாருக்கும் சொல்ல வேண்டாம், கூட்டம் சேர்ந்தால் அவர் பயந்துவிடுவார் என்றும் சொன்னேன். இது தவறான அறிவுரை இல்லை. மறதி நோய் உள்ளவர்கள் கூட்டத்தைப் பார்த்தால் மிரளுவார்கள்.

அவர் பத்திரமான இடத்தில் இருந்தார். படுக்கை இருந்தது, கஞ்சி இருந்தது, நல்ல மனிதர்கள் இருந்தார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள் அவர் அங்கே இருப்பதால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் நானே போய் அழைத்து வருவதாக இருந்தேன். அன்று வெள்ளிக்கிழமையே இன்னொரு பக்கம் செய்து வைத்தேன். பச்சை நிறம், மேலே "கிடைத்துவிட்டார்" என்று பெரிய எழுத்து, தேடியவர்களுக்கு நன்றி. பவானி அப்பாவைக் கட்டிக்கொண்டிருக்கும் படத்துக்கு இடம் விட்டிருந்தேன். அது இன்னும் என் கணினியில் இருக்கிறது. தேதியைப் பாருங்கள். என் நோக்கத்துக்கு அது சாட்சி.

சனிக்கிழமை மாலை லீலாம்மா கூப்பிட்டார். "வண்டி வந்நில்லல்லோ சாரே. நானே நாளைக்கு ஜீப்புல கூட்டிட்டு வந்து கம்பத்துல விட்டுரட்டா?"

வேண்டாம் என்றேன். மறதி உள்ளவரை வண்டியில் ஏற்றினால் வழியில் இறங்கிவிடுவார், குடும்பமே வரும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் பெருமழை. எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் வைகை அணைப் பக்கம் தேடிக்கொண்டிருந்தோம். லீலாம்மா மூன்று தடவை கூப்பிட்டார். முதல் தடவை, அவர் நிலைகொள்ளாமல் இருக்கிறார், ஆட்கள் மழையில் நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றார். இரண்டாவது தடவை, கதவைச் சாத்திவைத்திருக்கிறேன் என்றார். மூன்றாவது அழைப்பு மாலை ஐந்து மணிக்கு. பவானி என் பக்கத்தில் நின்றாள்.

"ஆளக் காணல சாரே. குடையும் இல்ல."

"சரி, பக்கத்துல பாருங்க. வந்துடுறோம்" என்றேன்.

"யாருண்ணே?" என்றாள் பவானி.

"ஒரு கஸ்டமரு. சைட்டுல பிரச்சனையாம்."

"பாவம், ஞாயித்துக்கெழமயும் உங்கள விட மாட்டாக" என்றாள்.

அங்கே நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று பல தடவை யோசித்துவிட்டேன். ஆண்டிபட்டியிலிருந்து வண்டன்மேடு போக மூன்று மணி நேரம். எட்டு மணி, இருட்டு, மழை. எஸ்டேட் ஆட்களே தேடிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் கூடப் போய் என்ன செய்திருக்க முடியும். செய்திருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தேன். முன்முடிவோடு இல்லை. யோசித்துத்தான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கோயம்புத்தூர்க்காரர்கள் திரையில் வந்தார்கள். நான் வரைபடத்தைக் காட்டினேன். சனிக்கிழமை காலை ஒரு பெரிய ஏற்றம் இருந்தது. இது என்ன என்று கேட்டார்கள். ஆண்டிபட்டியில் பார்த்ததாக ஒரு தகவல் வந்தது, அதைப் பக்கத்தில் போட்டோம், மக்கள் நம்பிக்கையோடு பகிர்ந்தார்கள் என்றேன். பாராட்டினார்கள். பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. உடனே பைக்கை எடுத்தேன். மழைச் சட்டைகூடப் போடவில்லை. கம்பம்மெட்டு ஏறும்போது முழுக்க நனைந்துவிட்டேன்.

எஸ்டேட்டுக்குக் கீழே ஒரு ஓடை இருக்கிறது. காலை பத்து மணிக்கு வேலைக்குப் போன பெண்கள் பார்த்திருக்கிறார்கள். நான் போனபோது உடலை மேலே ஏற்றி ஏலக்காய் ஸ்டோர் வராந்தாவில் கிடத்தியிருந்தார்கள். லீலாம்மா என்னைப் பார்த்து, "போன்ல பேசினது நீங்கதானே சாரே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் கிடைத்தது பத்து மணிக்கு. கூட்டம் தொடங்கியது பதினோரு மணிக்கு. கூட்டத்தால்தான் தாமதம் என்று கர்ணன் இங்கே வந்து கத்தியது சரியில்லை.

இனி ஆண்டிபட்டி. அவரை அங்கே யாரும் பார்க்கவில்லை. சுப்புத்தாய் என்று யாரும் இல்லை. கர்ணன் மலைக்குப் போகலாம் என்று சொன்னதும் வேனுக்குப் பின்னால் போய் நின்று, என் போனிலிருந்து என் படிவத்தில் நானே எழுதி அனுப்பினேன். நாற்பது விநாடி ஆனது. மேற்கே போகிறவர்களைக் கிழக்கே அனுப்ப ஒரு இடம் வேண்டும். ஆண்டிபட்டியில் மதுரை பஸ் நிற்கும், அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்று தேடல் நீளும். அதனால் அந்த ஊர். அவர் உயிரோடு இருக்கும்போது, எங்கே இருக்கிறார் என்று தெரிந்தே, அவர் மகளை எதிர்த்திசையில் இரண்டு நாள் அலையவிட்டேன். நான் தடுக்காமல் இருந்திருந்தால் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அவரைப் பார்த்திருப்பார்கள். இதை ஒப்புக்கொள்கிறேன். யாரும் வற்புறுத்தவில்லை.

கடைசியாக இன்று காலை நடந்தது. நீங்கள் வெளியே போயிருந்த நேரம். எழுதாவிட்டால் முழுமையாக இருக்காது.

கர்ணனை இரண்டு காவலர்கள் வாசலில் பிடித்து வைத்திருந்தார்கள். பவானி உள்ளே வந்து எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். இந்தத் தடவை அண்ணே என்று சொல்லவில்லை.

"அப்பாகிட்டப் பேசுனீகளா?"

"பேசினேன்."

"என்னயக் கேட்டாகளா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "பவானி சாப்பிட்டாளான்னு கேட்டாக" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஓடையிலிருந்து எடுத்த நாளில்கூட அவள் அழவில்லை என்று சொன்னார்கள். இப்போது அழுதாள். வாசலில் கர்ணனின் சத்தம் நின்றது. எழுந்து போகும்போது ஒரு கணம் என் தோள் பக்கம் அவள் கை வந்தது. தொடவில்லை.

அவர் அப்படிக் கேட்கவில்லை, மேடம். பவானி என்ற பெயரே அந்தப் பேச்சில் வரவில்லை. உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். ஆனால் இந்தத் தாளில் இந்த இடத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அந்த வாக்கியம் அப்படியே இருக்கட்டும். நன்றாக வேலை செய்கிறது.